'முதல் பெண்' என்கிற பட்டமும் ஹோமாய் வியாரவாலாவின் உழைப்பும்

1

'முதல் பெண்' என்பது கொடுக்கிறவருக்குச் செலவில்லாத பட்டம். முதல் பெண் டாக்டர், முதல் பெண் விமானி, முதல் பெண் போட்டோகிராபர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அதுவரைக்கும் அந்தத் தொழிலில் பெண் ஏன் இல்லை, யார் விடவில்லை, உள்ளே நுழைந்தவள் என்ன விலை கொடுத்தாள் என்பதெல்லாம் கேட்கப்படாத கேள்விகளாகிவிடுகின்றன. 'முதல்' என்று சொன்னதுமே அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை தானாக வந்துவிட்டது மாதிரி ஒரு பிரமை. வரிசை வந்ததா என்று திரும்பிப் பார்ப்பவர் யாருமில்லை.

ஹோமாய் வியாரவாலா (1913–2012) பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இந்தப் பட்டத்தோடுதான் ஆரம்பிக்கின்றன. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 2011இல் பத்ம விபூஷண். 2017 டிசம்பர் 9 அன்று, அவருடைய 104ஆவது பிறந்தநாளுக்கு, கூகுள் முகப்பில் ஒரு சித்திரம். சரி, அப்புறம்? அவருடைய படங்கள் எவை, அவை யார் பெயரில் வெளிவந்தன, கால் நூற்றாண்டுக்கு மேல் சுமந்த காமிராவை 1970இல் கீழே வைத்த பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு படம்கூட ஏன் எடுக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்குள் போகாமல் அவரைக் கொண்டாடுவது, அவரை மறப்பதற்கான இன்னொரு வழி மட்டுமே.

இக்கேள்விகளைத் தனியாக ஒரு இந்தியப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஏறத்தாழ இதே காலத்தில் மெக்சிகோவில் இரண்டு பெண்கள் காமிரா தூக்கினார்கள். டினா மொடோட்டி, லோலா ஆல்வாரெஸ் ப்ராவோ. மெக்சிகோ நவீனத்துவம் என்றால் நம் வாசகர்களுக்கு டீகோ ரிவேராவின் சுவரோவியங்களும் ஃப்ரீடா காலோவின் சுய உருவங்களும் நினைவுக்கு வரும். அந்தச் சுவர்களையும் அந்த முகத்தையும் ஆவணப்படுத்தியவர்கள் இவர்கள் இருவரும். இவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஹோமாயின் வாழ்க்கையில் 'தனிப்பட்ட விஷயம்' என்று ஒதுக்கப்படுகிற பலவும் தனிப்பட்ட விஷயங்கள் அல்ல என்பது தெரியவரும்.

2

முதலில் 'முதல்' என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

இந்தியாவுக்குக் காமிரா அரசாங்கத்தின் கண்ணாக வந்தது. 1850களின் கடைசியில் லின்னேயஸ் ட்ரைப் என்கிற கம்பெனிப் படை அதிகாரி சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கக் கோவில்களைப் படம் எடுத்தார். 1868க்கும் 1875க்கும் இடையில் 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிடப்பட்டன. சாதி, இனம், தொழில் வாரியாக மனிதர்களை நிறுத்திப் படம் பிடித்த தொகுதிகள் அவை. 1857 கலகத்துக்குப் பிந்தைய ஆட்சி தன் குடிகளை எண்ணவும் வகைப்படுத்தவும் விரும்பிய காலம். ஆக, காமிரா இங்கே பார்க்கிறவன் கையில் இருந்த கருவி. பார்க்கப்படுகிறவளுக்கு அதில் சொல்ல எதுவுமில்லை.

இந்த ஏற்பாட்டில் பெண் புகைப்படக்காரருக்கு ஒரே ஒரு சந்துதான் திறந்தது. கோஷா! அந்நிய ஆணின் முன்னால் வரக்கூடாத வீட்டுப் பெண்களைப் படம் எடுக்கப் பெண் வேண்டியிருந்தது. 1863லேயே கல்கத்தாவில் மேயர் என்ற அய்ரோப்பியப் பெண்மணி பெண்களுக்கென்று ஸ்டுடியோ நடத்தினார். 1892இல் ஹைதராபாத்தில் லாலா தீன் தயாள் திறந்த ஜெனானா ஸ்டுடியோவைக் கவனித்துக்கொண்டவர் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பிறகு கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா (1894–1976) வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்துச் சம்பாதித்தார். ஆக ஹோமாய் இந்தியாவின் முதல் பெண் புகைப்படக்காரர் அல்ல. பத்திரிகைக்கு எடுத்தவர்களில் முதல்வர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. திரைக்குப் பின்னால் எடுப்பதை ஆணாதிக்கச் சமூகமே கேட்டது. தெருவுக்கு வந்து எடுப்பதை அது கேட்கவில்லை.

பெண் கையில் காமிரா வந்துவிட்டால் பார்வையும் மாறிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜூலியா மார்கரெட் காமரன் 19ஆம் நூற்றாண்டின் மகத்தான புகைப்படக்காரர்களில் ஒருவர். தென்னிசன், டார்வின் என்று தன் காலத்துப் பெரியவர்களை எல்லாம் எடுத்தவர். 1875இல் கணவரின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே இறந்தார். அந்தச் சில வருஷங்களில் அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் உண்டு. தோட்டத்தில் எடுத்த முகங்களில் அநேகத்துக்குப் பெயர் கிடையாது. எடுத்தவர் பெண், எடுக்கப்பட்டவளும் பெண். ஆனால் ஒருத்தி எஜமானி, மற்றவள் கூலி. காமிராவுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரத்தைப் பாலினம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

3

ஹோமாய் குஜராத்தின் நவ்சாரியில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போகும் உருது-பார்சி நாடகக் கம்பெனியில் நடிகர். வசதியான பார்சிகள் பற்றி நமக்கிருக்கும் பொதுப் பிம்பத்தில் இந்தக் குடும்பம் அடங்காது. பம்பாய்க்கு வந்து பள்ளிப் படிப்பு, செயின்ட் சேவியர் கல்லூரியில் பொருளாதாரம், சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் டிப்ளமா. காமிராவைக் கற்றுக்கொடுத்தவர் மானேக்ஷா வியாரவாலா. ஹோமாய்க்கு 13 வயதாக இருக்கும்போதே அறிமுகமானவர். 1941இல் கல்யாணம்.

கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்ளின் 1971இல், மகத்தான பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணுக்குத் திறமை உண்டா இல்லையா என்பதை விட்டுவிட்டு, எந்தப் பள்ளி அவளைச் சேர்த்தது, எந்த வகுப்புக்குள் விட்டது, யார் கூலி கொடுத்தார்கள் என்று விசாரிக்கும்படி அந்தக் கட்டுரை நம்மைத் திருப்பியது. ஹோமாய் விஷயத்தில் இந்த விசாரணை உடனே பலன் தருகிறது. கலைப்பள்ளி அவருக்கு வடிவ உணர்வைத் தந்தது. கூடப் படித்த ரெஹானா மொகலை மாடலாக வைத்து 1930களின் கடைசியில் அவர் எடுத்த படங்களில் நகரத்தின் புதிய பெண் இருக்கிறாள். சாமி படத்துக்கு நிற்கிற மாதிரியோ, ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் ஜாடியில் கை வைத்து நிற்கிற மாதிரியோ நிற்காதவள். வெளிச்சத்தையும் உடம்பின் கோணத்தையும் பொருட்படுத்தி எடுத்த படங்கள். இந்திய நவீனத்துவம் என்று நாம் ஓவியத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்தது அதே பள்ளியின் வளாகத்தில் காமிராவிலும் நடந்துகொண்டிருந்தது.

கூலி? முதலில் வெளிவந்த படங்கள் ஒரு பெண்கள் சங்கத்தின் சுற்றுலாவைப் பற்றியவை. 'பாம்பே கிரானிக்கிள்' வெளியிட்டது. படத்துக்கு ஒரு ரூபாய்.

பெயர்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆரம்ப காலப் படங்கள் பலவும் பத்திரிகைகளில் மானேக்ஷாவின் பெயரில் வெளிவந்தன. ஹோமாய் அறியப்படாதவர், அதிலும் பெண். பெண் பெயர் போட்டால் செல்லுபடியாகுமா என்ற சந்தேகம். இதில் மானேக்ஷாவை வில்லனாக்க வேண்டியதில்லை. தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர், கடைசிவரை கூட நின்றவர். ஆனால் நல்ல கணவன் கெட்ட கணவன் என்று பிரித்துப் பேசினால் ஏற்பாடு தப்பித்துக்கொள்ளும். பத்திரிகை என்கிற நிறுவனம் படத்தை வாங்கத் தயார், எடுத்தவளை வாங்கத் தயாரில்லை.

மெக்சிகோவில் லோலா இதே பாதையில்தான் வந்தார். 1925இல் மானுவெல் ஆல்வாரெஸ் ப்ராவோவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அவருடைய இருட்டறையில் ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போட்டுத் தொழில் பழகினார். உதவியாளர் என்கிற பெயரில்தான் அந்த உழைப்பு நடந்தது. 1934இல் பிரிந்த பிறகுதான் தன் பிழைப்புக்காகத் தனியே காமிராவை எடுத்தார். கிராமத்து ஆசிரியர்களுக்கான அரசுப் பத்திரிகைக்குப் பள்ளிக்கூடங்களையும் ஊர்களையும் எடுத்துக் கொடுத்தார். கணவனைப் பிரிந்தாலும் அவருடைய குடும்பப் பெயர் கடைசிவரை கூடவே வந்தது, ஏனென்றால் தொழிலில் அது அறிமுகமான பெயர். 1953இல் ஃப்ரீடா காலோ உயிரோடு இருந்தபோது மெக்சிகோவில் நடந்த ஒரே தனிக் கண்காட்சி லோலாவின் காட்சிக்கூடத்தில் நடந்தது. அப்படியிருந்தும் வெகுகாலம் வரை 'மானுவெலின் மனைவி' என்பதுதான் வரலாற்றில் அவருக்கான இடம். பம்பாயும் மெக்சிகோ நகரமும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடிக்கவில்லை. இரண்டு ஊரிலும் இருட்டறைக்குள் இருந்த பாலின ஏற்பாடு ஒன்றுதான்.

ஹோமாய் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு சுவாரஸ்யமானது. 'டால்டா 13' என்று ஒரு புனைபெயர். பிறந்த வருஷம் 1913, மானேக்ஷாவைப் பார்த்தபோது வயது 13, முதல் காரின் நம்பர் டிஎல்டி 13. எல்லாம் சேர்ந்து டால்டா 13. இந்தப் பெயருக்கு ஆணுமில்லை பெண்ணுமில்லை, சாதியில்லை, மதமில்லை, புருஷனுமில்லை. வனஸ்பதி டப்பா மாதிரி ஒரு பெயர். இதை வெறும் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தன் சொந்தப் பெயர் செல்லாத சந்தையில், அடுத்தவர் பெயரையும் சார்ந்திருக்காமல் இருக்க ஒருத்தி செய்துகொண்ட ஏற்பாடு என்றும் வாசிக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

4

1942இல் தம்பதிகள் டில்லிக்குப் போனார்கள். பிரிட்டிஷ் தகவல் துறையில் வேலை. யுத்தகாலப் பிரச்சார இலாகா அது. அதிலிருந்தபடியே வெளிப் பத்திரிகைகளுக்கும் ஹோமாய் எடுத்தார். சேலை கட்டிக்கொண்டு, தோளில் காமிராவோடு, சைக்கிளில் போவார். அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று 'ஸ்பீட் கிராபிக்'. இன்றைய செல்போன் கையாளுகிறவர்களுக்கு அதை விளக்கியாக வேண்டும். ஃபிலிம் ரோலாக இருக்காது, தகடு தகடாக இருக்கும். ஒரு ஹோல்டரில் இரண்டே தகடு. ஒன்றை எடுத்ததும் ஹோல்டரை உருவித் திருப்பிப் போட வேண்டும். ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது, கை சுடும் பல்பைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும். இதை வைத்துக்கொண்டு, ஒரு தலைவர் சிரிக்கிற அந்த ஒரு நொடியைப் பிடிக்க வேண்டுமானால் அடுத்த நொடி என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படங்களில் இருக்கிற 'இயல்பு' பெரிய உடலுழைப்பின் விளைவு.

பிரிவினைத் திட்டத்துக்குக் காங்கிரஸ் தலைவர்கள் கை தூக்கிய 1947 ஜூன் கூட்டம், 1947 ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் ஏறிய கொடி, 1948இல் காந்தியின் இறுதிச் சடங்கு, மவுண்ட்பேட்டன் விடைபெற்றுப் போனது, 1956இல் நாதுலா கணவாய் வழியாக வந்த இளம் தலாய் லாமா, ஹோ சி மின், இரண்டாம் எலிசபெத், ஜாக்குலின் கென்னடி... புதிய தேசிய அரசு தன்னை எப்படிப் பார்க்க விரும்பியதோ அந்த ஆல்பத்தின் பெரும் பகுதி இவர் கையில் உருவானது. விட்டுப்போனதும் ஒன்று உண்டு. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரை, நாளைக்குச் சேர்ந்து போகலாம் என்று கணவர் திரும்பக் கூப்பிட்டார். நாளை என்பது வரவில்லை. அந்த வருத்தம் கடைசிவரை இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு அருகில் எப்படிப் போக முடிந்தது? அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்: சேலை கட்டிக் காமிரா மாட்டிய பெண்ணை எல்லோரும் விநோதமாகப் பார்த்தார்கள், சும்மா விளையாட்டுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்கள், பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாததால் தடுக்கவில்லை. 'போட்டோ புடிக்கிற பொம்பளை' என்ற அலட்சியம் அவருக்கு நுழைவுச் சீட்டானது. கவனிக்க வேண்டியது, அதே அலட்சியம்தான் அவருடைய பெயரைப் படத்தின் அடியிலிருந்து எடுத்தது என்பதும். அதிகாரத்தின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது அவருக்கு எடுக்கும் வாய்ப்பைத் தந்தது, எடுத்ததற்கான உரிமையைத் தரவில்லை. 'முதல் பெண்' என்ற பட்டம் முன்பாதியை மட்டும் சாகசக் கதையாகச் சொல்கிறது.

நேரு அவருக்கு மிகப் பிடித்த முகம். புறாவைப் பறக்கவிடுகிற நேரு நமக்குத் தெரிந்த நேரு. ஆனால் இன்னும் சில படங்கள் உண்டு. விமானத்துக்குள் தன் வாயில் சிகரெட் இருக்க, பிரிட்டிஷ் துணைத் தூதரின் மனைவிக்குப் பற்றவைத்துக் கொடுக்கிற நேரு. தங்கை விஜயலட்சுமி பண்டிட்டுக்காகப் பாலம் விமான நிலையத்தில் காத்து நிற்கிற நேரு. பக்கத்திலேயே படம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் ஒரு அறிவிப்புப் பலகை. அந்தப் பலகையையும் சட்டகத்துக்குள் சேர்த்து எடுத்திருக்கிறார். அதிகாரத்தின் முகத்தையும் அதிகாரத்தின் தடையையும் ஒரே தகட்டில் வைக்கிற இந்தக் குறும்பு, புகழ்பாடுகிற போட்டோகிராபருக்கு வராது. அதற்காக இவரை நேருவின் விமர்சகர் என்றும் கட்டமைக்க முடியாது. 1964இல் நேரு இறந்தபோது, மற்ற போட்டோகிராபர்கள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததாகச் சொன்னவர் அவர்.

5

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: ஆண்டைகளை எடுத்த காமிரா நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி. டினா மொடோட்டியை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இத்தாலியின் உதினேயில் 1896இல் பிறந்து, சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போய், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1923இல் எட்வர்ட் வெஸ்டனோடு மெக்சிகோ வந்தவர். வெஸ்டனிடம் காமிராவைக் கற்றார். 1927இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அவருடைய படங்களில் கைகள் அதிகம்: மண்வெட்டியின் மேல் ஓய்ந்திருக்கும் கைகள், பொம்மலாட்டக்காரனின் கைகள். மே தின ஊர்வலத்தை மேலிருந்து எடுத்தபோது முகங்களைக் காட்டவில்லை, தொப்பிகளின் கடலைக் காட்டினார். தன் படங்களைக் கலை என்று கூப்பிட வேண்டாம், நேர்மையான புகைப்படம் என்றால் போதும் என்று 1929இல் எழுதினார்.

அதே வருஷம் ஜனவரியில் அவரோடு தெருவில் நடந்துவந்த காதலர், கியூபப் புரட்சிக்காரர் ஹூலியோ அந்தோனியோ மெய்யா சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகைகள் கொலையாளியைத் தேடியதைவிட டினாவின் 'ஒழுக்கத்தை'த் தேடியது அதிகம். வெஸ்டன் எடுத்த அவருடைய நிர்வாணப் படங்களை அவருக்கு எதிரான சாட்சியமாக்கினார்கள். 1930இல் நாடுகடத்தப்பட்டார். அதன் பிறகு காமிராவை ஏறக்குறைய விட்டுவிட்டு, மாஸ்கோவிலும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலும் கட்சியின் நிவாரண வேலைகள் செய்தார். மெக்சிகோவுக்கே திரும்பிவந்து 1942 ஜனவரியில் ஒரு டாக்சியில் இறந்தார். ஹோமாய் டில்லி போனது அந்த வருஷம்தான்.

ஹோமாயின் படங்களில் நமக்குப் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பவற்றில், பிரிவினைக்கு வாக்களித்த கைகள் இருக்கின்றன. பிரிவினையால் ஊரைவிட்டு நடந்தவர்களை அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-வைட் எடுத்த படங்களில்தான் அதிகமும் பார்க்கிறோம். டில்லியின் வரவேற்பு அறைகளுக்கு வெளியே இருந்த கிராமம், சேரி, ஆலை இந்த ஆல்பத்தில் அபூர்வம். இதை மறைத்துவிட்டு அவரைப் புரட்சிக்காரராக்குவது பொய். அதே சமயம் டினாவை அளவுகோலாக்கி இவரைத் தள்ளிவிடுவதும் சரியல்ல. டினாவுக்குப் பின்னால் ஒரு கட்சி, ஒரு பத்திரிகை, புரட்சி நடந்து முடிந்த ஒரு நாடு இருந்தது. டில்லியில் ஹோமாய்க்கு இருந்தது கூலி வேலை. எந்தப் படம் வேண்டும் என்று கேட்டவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள். அந்தக் கேள்வியில் தலைவர்கள் இருந்தார்கள், தொழிலாளிகள் இல்லை.

இருவருக்கும் பொதுவான ஒன்றை மட்டும் நாம் விடக்கூடாது. இரண்டு பேருமே காமிராவைக் கீழே வைத்தார்கள். ஒருவர் அரசியலுக்காக. இன்னொருவர் தொழில் கெட்டுப்போனதால். 1969இல் மானேக்ஷா இறந்தார். 1970இல் ஹோமாய் நிறுத்தினார். புதிதாக வந்தவர்கள் முண்டியடித்தார்கள், உடையிலும் நடத்தையிலும் தாங்கள் வைத்திருந்த ஒழுங்கு போய்விட்டது, இனி இது தகாது என்பது அவர் சொன்ன காரணம். மரியாதைக்குரிய மத்தியதர வர்க்கத்தின் மனோபாவம் இதில் உண்டுதான். ஆனால் அலட்சியத்தையே சாதகமாக்கி வேலை செய்த ஒருத்திக்கு, நெருக்கித் தள்ளுகிற ஆண்களின் கூட்டத்தில் என்ன இடம் மிஞ்சியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். ஒரு பெண் வேலையை விட்டால் 'அவளாகவே விட்டாள்' என்று எழுதுவது நமக்கு மிகவும் எளிது.

6

அதன்பின் மகனோடு ராஜஸ்தானின் பிலானிக்கும், 1982இல் பரோடாவுக்கும் போனார். 1989இல் மகனும் இறந்தார். தோட்ட வேலை, தச்சு வேலை என்று தனியாகவே வாழ்ந்தார். பாடப்புத்தகங்களிலும் நினைவு மலர்களிலும் அவருடைய படங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எடுத்தவர் பரோடாவில் ஒரு சின்ன வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். 1990களில் சபீனா கடியோக் தேடிப் போய், 1998இல் மூன்று பெண் புகைப்படக்காரர்களைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தில் அவரைக் கொண்டுவந்தார். 2006இல் முழுப் புத்தகமாக எழுதினார். படங்கள் அல்காசி அறக்கட்டளைக்குப் போய், 2010இல் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் கண்காட்சியாயின. 2012 ஜனவரி 15 அன்று, 98ஆவது வயதில் ஹோமாய் இறந்தார். ஆக, படங்களுக்கு அவருடைய பெயர் திரும்பிவந்தது தேசிய அரசின் நன்றியுணர்வால் அல்ல. இன்னொரு பெண் வருஷக்கணக்காக உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்த உழைப்பால்.

இதைக் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1934இல் மெக்சிகோ போய் ஏறத்தாழ ஒரு வருஷம் தங்கி, 1935இல் மானுவெலோடு சேர்ந்து அங்கே கண்காட்சி வைத்தவர். 1948இல் காந்தியின் கடைசி நாளிலும் இறுதிச் சடங்கிலும் டில்லியில் இருந்தவர். 1950 ஏப்ரலில் நம் புதுச்சேரிக்கு வந்து, ஏறத்தாழ முப்பது வருஷமாகப் படமே எடுத்துக்கொள்ளாத அரவிந்தரை எடுத்தவர். எங்கே எடுத்தாலும் அவருடைய படம் அவருடைய பெயரோடு உலகம் சுற்றியது. 1947இல் நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'மேக்னம்' கூட்டுறவு, நெகடிவ் எடுத்தவனுக்கே சொந்தம் என்பதை ஒரு விதியாக்கி வைத்திருந்தது. அவருடைய மேதைமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேதைமையோடு ஒரு அமைப்பும் சேர்ந்தால்தான் பெயர் நிலைக்கும் என்பதுதான் செய்தி. ஒரே இறுதிச் சடங்கை எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கூட்டுறவு இருந்தது, இன்னொருவருக்கு டால்டா 13 இருந்தது.

7

இதெல்லாம் டில்லி, பம்பாய், மெக்சிகோ கதை, திருக்கனூரில் உட்கார்ந்து இதை எழுதுவானேன் என்று கேட்கலாம். நம் கொம்யூன்களுக்கும் ஒரு வரலாற்றுக் கணம் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம். 1947 ஜூனில் டில்லியில் கை தூக்கியவர்களைப் போலவே, கீழூரிலும் ஒரு சிலர் ஊர் ஜனத்துக்காக முடிவெடுத்தார்கள். விடுதலை நாள் விழாக்களில் பழைய படங்களைப் பார்க்கிறபோது அதில் நிற்கிற தலைவர்கள் யார் யார் என்று விரல் வைத்துச் சொல்கிறோம். எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற பெண்கள் யார் என்றும் கேட்பதில்லை.

கேட்க ஆரம்பிக்கலாம். வில்லியனூரிலும் பாகூரிலும் மண்ணாடிப்பட்டிலும் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. நெகடிவ்கள் பெட்டியோடு குப்பைக்குப் போகின்றன. போர்டில் ஆணின் பெயர் இருந்த கடைகளில் உள்ளே யார் ஃபிலிம் கழுவினார்கள், யார் பென்சில் பிடித்து டச்சப் பண்ணினார்கள், பெண் பார்க்க அனுப்புகிற படத்துக்கு உட்காரவைத்துத் தலை சரிசெய்தவர் யார் என்பதை, சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். சபீனா கடியோக் பரோடாவில் செய்தது அந்த வேலைதான். ஒரு நோட்டுப் புத்தகமும், அவசரப்படாத சில மாலை நேரங்களும் இருந்தால் நாமும் செய்யலாம்.